கண்ணசைவின் வரலாறு



இன்றைய பேச்சின் பொருள் கண். கண் என்றவுடன் பார்வைக் குறையைப் பற்றியோ மூக்குக் கண்ணாடியைப் பற்றியோ சொல்லப்போகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். பார்வை தெளிவாக இருந்தும், பார்க்க விரும்பும் பக்கம் கண்ணைத் திருப்ப முடியாமற்போகும் ஓர் அரிய நரம்புக் குறை குழந்தைகளுக்கு உண்டு. அதனை மருத்துவ உலகம் கண்டுகொண்ட வரலாற்றைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லேன். தோட்டப் பள்ளி ஆசிரியன். இந்த வரலாற்றைத் தேடிப் படிப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த புதிது. கூலாய் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவ்வகுப்பில் ஒரு சிறுவன். பெயர் வேண்டாம். பேச்சில் சுட்டி, பாட்டைக் கேட்டால் இரண்டாம் முறையே ஒப்பித்துவிடுவான். ஆனால் வாசிப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், தலை வெட்டி வெட்டி வலப்புறமும் இடப்புறமும் திரும்பும். ஒரு வரியைப் படிப்பதற்குள் பத்து முறை தலையாட்டுவான். படித்த வரியையே மறுபடியும் படிப்பான். அல்லது இரண்டு வரி தாண்டிப் போய்விடுவான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"தலையை ஆட்டாமல் படி" என்று பல நாள் சொன்னேன். அதட்டினேன். கெட்ட பழக்கம், கவனமின்மை, பிடிவாதம் என்று எனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் அதற்குச் சூட்டினேன். ஒரு நாள் அவன் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கைகளாலும் அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, "இப்பொழுது படி" என்றேன். அவன் படிக்கவில்லை. சற்று நேரம் கழித்து அழுகைக் குரலில், "சார், தலைய விடுங்க சார். எழுத்து எங்க இருக்குன்னு தெரியல" என்றான்.

கையை எடுத்துவிட்டேன். அந்தச் சொற்களை எளிதில் மறக்க முடியவில்லை. அன்று மாலை லயத்துக்குச் சென்று அவன் பாட்டியைப் பார்த்தேன். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பல ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். "வாத்தியாரய்யா, இவன் பொறந்து நாலஞ்சு மாசம் வரைக்கும் முகத்தப் பாக்கவே இல்லீங்க. விளக்கக் காட்டினாலும் திரும்ப மாட்டான். கண்ணு தெரியாத புள்ளன்னு நெனச்சி மாரியாயிக்குக் கண்மலர் சாத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். தலை நின்ன பொறகு திரும்பிப் பாக்க ஆரம்பிச்சிட்டான். அப்ப இருந்தே இந்தத் தலை வெட்டுத்தான்" என்றார்.

வெள்ளியில் செய்த கண்மலரை அவர் உண்மையாகவே சாத்தியிருந்தார். அந்தப் பாட்டி சொன்ன இந்தச் செய்தியில் ஒரு நோயின் முழு இலக்கணமும் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. பிறந்த சில மாதங்கள் பார்வையற்ற குழந்தை போலத் தோன்றுவது. கழுத்து நின்றபின் தலையை வெட்டித் திருப்புவது. குழந்தை மருத்துவரிடமும் அவர் வழியாக நரம்பு மருத்துவரிடமும் பையனைக் காட்டியபோது, அவர்கள் கேட்ட முதல் கேள்விகளும் இவைதாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நாம் ஒரு வரியைப் படிக்கும்போது நம் கண் எவ்வாறு நகர்கிறது? நீரோட்டம் போல இடமிருந்து வலமாக வழுக்கிச் செல்கிறது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். அது தவறு. கண் தாவுகிறது; நிற்கிறது; மீண்டும் தாவுகிறது. ஒரு நொடிக்கு மூன்று அல்லது நான்கு தாவல்கள். நிற்கும் நேரத்தில்தான் எழுத்து நமக்குத் தெரிகிறது. தாவும் நேரம் மிகக் குறைவு. ஒரு நொடியை நூறு கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறுகள்தாம்.

1879-ஆம் ஆண்டில் எவால்ட் ஹேரிங் என்ற உடலியல் அறிஞர் இதனைக் காதால் கேட்டறிந்தார் என்றால் வியப்பாக இருக்கும். இரண்டு இரப்பர்க் குழாய்களைக் கண்ணிமையின்மேல் வைத்துக் கேட்டால், கண் தாவும்போதெல்லாம் 'டப், டப்' என்ற மெல்லிய தசையொலி கேட்கிறது என்று எழுதினார். இரப்பர் என்றதும் நம் நாட்டு நினைவு வருகிறது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு, 1877-இல்தான் முதல் இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தன. நம் முன்னோர் பால்வெட்டிய தோட்டங்கள் அப்பொழுது காடாகத்தான் இருந்தன.

அதே காலத்தில் பாரிசு நகரில் எமில் ஜாவால் என்ற கண் மருத்துவர், வாசிப்பின்போது கண் எவ்வாறு நகர்கிறது என்பதைத் தம் ஆய்வுக்கூடத்தில் ஆராயச் செய்தார். கண்ணின் தாவலுக்குப் பிரெஞ்சு மொழியில் 'சக்காட்' என்று பெயர். குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பதைக் குறிக்கும் சொல் அது. இன்றும் உலக மருத்துவர்கள் அச்சொல்லையே ஆளுகிறார்கள். பிறர் படிப்பதை ஆராய்ந்த ஜாவால் தம் பிற்காலத்தில் கண்ணழுத்த நோயால் பார்வையை முற்றும் இழந்தார். அதன்பிறகும் ஓயாமல், பார்வையற்றோர் வாழும் முறை பற்றி 1903-இல் ஒரு நூல் வெளியிட்டார்.

கண்ணைத் தாவச் செய்வது மட்டும் மூளையின் வேலையன்று. தலை அசையும்போது கண்ணை நிலைநிறுத்துவதும் அதன் வேலையே. வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகவே நேயர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க வேண்டுகிறேன். கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடியுங்கள். விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். நகம் தெளிவாகவே தெரியும். இப்பொழுது தலையை அசைக்காமல் விரலை மட்டும் அதே வேகத்தில் ஆட்டுங்கள். நகம் மங்கிவிடும். முதல் சோதனையில் தலை வலப்புறம் போகும்போது கண் தானாகவே இடப்புறம் போகிறது. இதற்குக் கட்டளை தருவது நம் விருப்பம் அன்று. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு. அவ்வுறுப்பின் இயக்கத்தை ஆராய்ந்ததற்காக வியன்னாவைச் சேர்ந்த இராபர்ட் பாரானிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அப்பொழுது அவர் முதல் உலகப் போரில் சிறைப்பட்டு, உருசியர்களின் போர்க் கைதிகள் முகாமில் இருந்தார்.

ஆகவே கண்ணைத் திருப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விரும்பித் தாவுவது. மற்றொன்று, தலை அசைவுக்கு ஏற்பக் கண் தானே திரும்புவது. முதல் வழி அடைபட்டு, இரண்டாம் வழி திறந்திருந்தால் என்ன ஆகும்?

இக்கேள்விக்கு விடை தந்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் டேவிட் கோகன். 1908-இல் பிறந்தவர். கண் தசைகளின் நரம்பியலைப் பற்றி 1948-இல் நூல் எழுதியவர். அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்களின் கண்களில் புரை விழுந்திருப்பதை ஆராய்ந்து 1949-இல் அறிவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1952-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, தலையை வெட்டித் திருப்பும் சில குழந்தைகளைப் பற்றியது. இக்குழந்தைகளின் கண் தசைகளில் முடக்கம் இல்லை. கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும் நலமாகவே இருக்கின்றன. தலையைத் திருப்பினால் கண் குழியின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை தடையின்றிப் போகிறது. 'வலப்பக்கம் பார்' என்று சொன்னால் மட்டும் கண் அசைய மறுக்கிறது.

கை கால்களில் வலு இருந்தும், ஒரு செயலை நினைத்தபடி செய்ய இயலாமையை மருத்துவர்கள் 'அப்ராக்சியா' என்பார்கள். செர்மானிய மருத்துவர் ஊகோ லீப்மன் 1900-இல் எழுதிய கட்டுரையால் அச்சொல் நிலைபெற்றிருந்தது. கோகன் அதனைக் கண்ணுக்குப் பொருத்தினார். பிறவியிலேயே அமைந்த கண்ணியக்க அப்ராக்சியா என்று பெயரிட்டார்.

அக்குழந்தைகள் ஏன் தலையை வெட்டுகிறார்கள் என்பதற்கான விளக்கந்தான் என்னைத் தலைகுனிய வைத்தது. குழந்தை வலப்புறம் உள்ள ஒரு பொருளைப் பார்க்க விரும்புகிறது. கண் தாவவில்லை. ஆகவே தலையை வலப்புறம் திருப்புகிறது. தலை திரும்பியவுடன், நாம் விரலை வைத்துச் செய்த சோதனையைப் போல, கண் எதிர்ப்பக்கம், அதாவது இடக்கோடிக்குப் போய்விடுகிறது. இப்பொழுது பொருளைப் பார்க்கத் தலை இன்னும் மிகுதியாகத் திரும்ப வேண்டும். பொருளையும் தாண்டித் திரும்புகிறது. இடக்கோடியில் சிக்கி நிற்கும் கண், தலையோடு இழுபட்டு வந்து பொருளின்மேல் விழுகிறது. கண் பொருளைப் பற்றிக்கொண்டபின் தலை மெல்லத் திரும்பி வந்து நேராகிறது. இவ்வளவும் கண நேரத்தில் நடந்துவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்குத் தலையை வெட்டுவது மட்டுமே தெரியும்.

அந்தத் தலையாட்டம் நோயன்று. நோயை வெல்வதற்குக் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொண்ட உபாயம். எவரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நான் தலையைப் பிடித்து நிறுத்தியபோது பறித்தது அந்த உபாயத்தைத்தான்.

மருத்துவர் ஒரு சோதனை செய்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உருளை ஒன்றைப் பையனின் முன் சுழற்றினார். கூலாய் இரயில் நிலையத்தில் நின்று நீண்ட சரக்கு வண்டி கடந்து போவதைப் பார்ப்பவர்களின் கண்களை நீங்கள் கவனித்திருக்கலாம். ஒரு பெட்டியோடு கண் மெல்ல நகர்ந்து செல்லும். பிறகு வெடுக்கென்று திரும்பி அடுத்த பெட்டியைப் பிடிக்கும். குதிரைப்படை அணிவகுப்பைப் பார்த்து நின்றவர்களின் கண்களில் செக் நாட்டு அறிஞர் புர்கினே, இரயில் பெருகாத அந்தக் காலத்திலேயே, இதனைக் கண்டு எழுதினார். கோகன் விவரித்த குழந்தைகளின் கண்ணோ, நகரும் கோட்டோடு சென்று கோடியில் சிக்கிக்கொள்ளும், திரும்பத் தாவாது. எங்கள் பையனின் கண்ணும் அப்படியே கோடியில் போய் நின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிறகு மருத்துவர் உருளையைப் படுக்கவைத்து, கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும்படி சுழற்றினார். கண் ஒழுங்காகத் தாவியது. பிறவியில் வரும் இவ்வகைக் குறையில் மேலும் கீழும் நோக்குவதற்குத் தடை இருப்பதில்லை, பக்கவாட்டில்தான் தடை. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு புதிர் விடுபட்டது. இந்தப் பையன் கணக்கில் ஏன் கெட்டிக்காரனாக இருக்கிறான் என்று நான் எண்ணியதுண்டு. கூட்டல் கணக்கு ஒன்றின்கீழ் ஒன்றாக அல்லவா எழுதப்படுகிறது!

பிற நாட்டவரின் ஆராய்ச்சியையே சொல்லிக்கொண்டு போகிறேனே, நம்மவர் இத்துறையில் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்திருக்கிறார்கள், உலகம் ஏற்றுக்கொண்ட பணி அது. நோய் வேறு, ஆனால் கண் தாவலைப் பற்றியதுதான்.

பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நோஷிர் வாடியா என்ற நரம்பியல் மருத்துவர் பணியாற்றினார். 1925-இல் பிறந்து 2016-இல் மறைந்தவர். நடை தள்ளாடி, பேச்சுக் குழறி வரும் நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். சிறுமூளை தேய்வதால் உண்டாகும் பரம்பரை நோய் அது. அத்தகைய நோய்கள் பலவகை. அவற்றைப் பிரித்தறிவது அக்காலத்தில் பெரும் சிக்கல். வாடியா அவர்களை இடமும் வலமும் பார்க்கச் சொன்னார். சிலருடைய கண்கள் தாவவில்லை. எண்ணெயில் மிதக்கும் திரி போல மிக மெதுவாக ஊர்ந்து சென்றன. வீட்டிலுள்ள மற்றவர்களையும் வரவழைத்துச் சோதித்தார். 1971-ஆம் ஆண்டில் வாடியாவும் அவருடைய சகாவான சுவாமியும் ஒன்பது இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து, மெதுவான கண்ணசைவோடு கூடிய இது தனியொரு பரம்பரை நோய் என்று 'பிரெயின்' என்ற ஆங்கில மருத்துவ ஏட்டில் எழுதினார்கள்.

கையில் விலையுயர்ந்த கருவி இல்லை. மூளையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் எந்திரங்கள் அன்று மருத்துவமனைகளுக்கு வந்திருக்கவில்லை. எதிரே அமர்ந்து, விரலைக் காட்டி, கண்ணை உற்றுப் பார்த்ததுதான் சோதனை. கால் நூற்றாண்டு கழித்து, 1996-இல், மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் அந்நோய்க்குரிய மரபணுவை 12-ஆம் நிறப்புரியில் கண்டுபிடித்தன. நோய்க்கு 'எஸ்.சி.ஏ. 2' என்று பெயர் வழங்கியது. 1998-இல் வாடியாவும் அவர் குழுவினரும் ஆறு இந்தியக் குடும்பங்களை மரபணுச் சோதனையோடு சேர்த்து ஆராய்ந்து, இந்நோயை அடையாளம் காண்பதில் மெதுவான கண்ணசைவு எவ்வளவு பயன்படுகிறது என்பதை எழுதினார்கள். 2012-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது.

அந்த மரபணுவில் ஒரு மூன்றெழுத்துச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோருக்கு அது 22 முறை வரும். நோயுற்றவர்களுக்கு முப்பத்து மூன்றுக்கும் மேலே போய்விடும். தலைமுறைக்குத் தலைமுறை அது நீள்வதும் உண்டு. நீள நீள நோய் இளவயதிலேயே தோன்றும். பாட்டனுக்கு ஐம்பதில் வந்தது பேரனுக்குப் பள்ளிப் பருவத்திலேயே வரலாம். மிக மிக நீண்டுவிட்டால் கைக்குழந்தையையும் தாக்குகிறது. கண்ணை வேகமாகத் தாவச் செய்வதற்கென்றே மூளைத்தண்டில், 'பான்ஸ்' எனப்படும் பகுதியில் தனி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை நலிந்தால் கண் தசையில் வலு இருந்தும் வேகம் போய்விடுகிறது.

கோகன் சொன்ன குறை அவ்வாறு வளர்ந்துகொண்டே போவதன்று. குழந்தை வளர வளரத் தலைவெட்டு குறையும். வாசிப்பில் மட்டும் கொஞ்சம் தடை மிஞ்சக்கூடும். ஆயினும் தலையை வெட்டித் திருப்பும் எல்லாக் குழந்தைகளையும் 'வளர்ந்தால் சரியாகும்' என்று விட்டுவிடலாகாது. ஏனெனில் வேறு சில கடுமையான நோய்களும் இதே வேடத்தில் வருகின்றன. பிராகு நகரத்து மருத்துவர்கள் சிலாபாவும் என்னரும் 1926-இலும், பெல்சியத்தைச் சேர்ந்த லூயி-பார் அம்மையார் 1941-இலும் எழுதிய நோய் அவற்றுள் ஒன்று. அதில் குழந்தைக்கு நடை தள்ளாடும். சில ஆண்டுகளில் வெண்விழியில் சிவந்த நுண்ணிய இரத்த நாளங்கள் படரும். கண்ணைத் திருப்பத் தலையை வெட்டுவதும் உண்டு. அதற்குரிய மரபணு 1995-இல் கண்டறியப்பட்டது. அந்நோய் உள்ள குழந்தைகளின் உயிரணுக்கள் எக்ஸ்-கதிரைத் தாங்கமாட்டா. ஆகவே அதை முன்கூட்டியே அறிந்துகொண்டால், தேவையற்ற கதிர்ப் படங்களைத் தவிர்க்கலாம். ஆசிரியரோ, ஆயாவோ, பாட்டியோ கண்டு சொல்லும் ஒரு சிறு குறிப்பு மருத்துவருக்கு இவ்வளவு தூரம் உதவுகிறது.

எங்கள் பையனுக்கு நடையில் தள்ளாட்டம் இல்லை. இரத்தச் சோதனையும் மூளைப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, கோகன் சொன்ன வகைதான் என்று மருத்துவர் சொன்னார். மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. "தலையை ஆட்டினால் ஆட்டிக்கொள்ளட்டும், தடுக்காதீர்கள்" என்றார். பாட்டிதான், "மருந்தே இல்லாத நோவா?" என்று நெடுநேரம் நம்பாமல் இருந்தார்.

பள்ளிக்குத் திரும்பியதும் நான் செய்தது எளிய வேலைதான். அவனுடைய பாடத்தை நீள வரிகளாக எழுதாமல், ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொற்களாக, ஒன்றின்கீழ் ஒன்றாக அட்டைகளில் எழுதினேன். தடித்த எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி. படிக்கும் வரிக்குக் கீழே வைத்துக்கொள்ள ஒரு மர அடிக்கோல் கொடுத்தேன். கரும்பலகைக்கு நேர் எதிரே உட்கார வைத்தேன். தேர்வில் கூடுதல் நேரம் தரத் தலைமையாசிரியர் இசைந்தார். சிரித்த பிள்ளைகளுக்கும் கட்டைவிரல் சோதனையைச் செய்து காட்டினேன். ஒரு வாரம் வகுப்பு முழுதும் தலையாட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் செய்தித்தாளின் ஒடுங்கிய பத்திகளைப் படிக்கத் தொடங்கிவிட்டான். செய்தித்தாள் பத்தி ஒடுக்கமாக இருப்பதில் இப்படியும் ஒரு நன்மை இருப்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

தலையைப் பிடித்து நிறுத்தியதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது புரிந்ததோ என்னவோ, "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்பொழுது அவன் செனாய்ப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறான். சென்ற ஆண்டு கூலாய்க் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடையில் நின்று, கையிலிருந்த சாமான் பட்டியலை மேலிருந்து கீழாக விரலோட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய சிறு மகள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் தலை திரும்பியது; பிறகுதான் கண் வந்து என்மேல் நின்றது. "சார்!" என்றான். மகளை நான் சற்று உற்றுப் பார்த்தேன். அவள் தலையை அசைக்காமல், ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.